நுரையும் நாணயமும்

"நான் உண்மையாகவே நம்பினேன். ஆகவே என்மீது குற்றமில்லை!"

வழக்குமன்றத்திலும் இந்த வாதம் எழுகிறது, வாழ்க்கையிலும் எழுகிறது. இடிந்த பாலத்தைக் கட்டியவர் கூறுகிறார். நஞ்சாகிப் போன மருந்தைக் கொடுத்தவர் கூறுகிறார். கேட்கும் நாமும் தலையசைக்கிறோம். "பாவம்! மனமறிந்து கெடுதல் செய்யவில்லை, நம்பித்தானே செய்தார்!" என்று இரங்குகிறோம். நம்பிக்கை என்ற சொல் காதில் விழுந்ததும் நம் நாட்டில் நீதியின் தராசுகூடச் சற்றுச் சாய்ந்து கொடுக்கிறது.

சாயக் கூடாது என்றார் ஒருவர். வில்லியம் கிங்டன் கிளிஃபோர்ட் என்பது அவர் பெயர். இங்கிலாந்தின் கணிதப் பேராசிரியர். 33 வயதிலேயே மறைந்துவிட்டவர். 1877ஆம் ஆண்டு, நம்பிக்கையின் அறம் பற்றி அவர் எழுதிய கட்டுரையிலே ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது, பலமுறை பழுது பார்த்தது. பயணம் தாங்குமா என்ற ஐயம் முதலாளியின் நெஞ்சில் எழுகிறது. ஐயத்தைத் தீர்க்க வழி உண்டு. கப்பலைப் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் அதற்குப் பணம் செலவாகும். ஆகவே அவர் கப்பலைப் பழுது பார்க்கவில்லை, தம் மனத்தைப் பழுது பார்க்கிறார்! "எத்தனையோ புயல் கண்ட கப்பல்! இம்முறையும் கரை சேரும்!" என்று தமக்குத் தாமே ஓதி ஓதி, உண்மையாகவே நம்பிவிடுகிறார். குடும்பம் குடும்பமாக மக்கள் ஏறிச் செல்கிறார்கள். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. முதலாளி காப்பீட்டுத் தொகையைப் பெற்றுக்கொள்கிறார்.

அவர் பொய்யரா? இல்லை, நம்பியது மெய்தான். ஆயினும் குற்றவாளியே என்கிறார் கிளிஃபோர்ட். கையிலிருந்த ஆதாரத்தைக் கொண்டு அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்பது தீர்ப்பு. அதற்கு மேலும் ஒரு படி ஏறுகிறார். கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் முதலாளியின் குற்றம் ஓர் அணுவும் குறையாது. அகப்படாமல் தப்பினார், அவ்வளவே என்கிறார்.

கடுமையான தீர்ப்பு! ஆனால் நம்மில் கப்பல் முதலாளிகள் எத்தனை பேர்? கதையைப் படித்துவிட்டு, "அந்தப் பணக்காரனுக்கு நன்றாக வேண்டும்!" என்று நாம் நகர்ந்துவிடலாம். அது கூடாது. எனவே கப்பலை விட்டு இறங்குவோம். ஓர் அடுக்களைக்குள் நுழைவோம். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ உள்ள அடுக்களை அது. அங்கே ஓர் இளைஞன் தன் வாழ்நாளில் முதன்முறையாகத் தானே பீர் காய்ச்சிக்கொண்டிருக்கிறான்.

"என்னய்யா இது! அறம் பேச வந்தவர் அடுப்பில் மதுவை ஏற்றுகிறாரே!" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். அந்நாடுகளில் அது சட்டம் ஏற்ற பொழுதுபோக்கு. பிரிட்டனிலே வீட்டில் காய்ச்சுவதற்கு 1880 முதல் உரிமம் வேண்டியிருந்தது. 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார். அமெரிக்காவிலே 1978இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டம், வயதுவந்தோர் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன் வரை வரியின்றிக் காய்ச்ச இடம் தந்தது. விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அப்படியும் அலபாமா, மிசிசிப்பி மாநிலங்கள் 2013இல்தான் இணங்கின. நம் தமிழகத்திலோ, 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். ஆகவே செய்துபார்க்க யாரையும் நாம் அழைக்கவில்லை. குடியைப் புகழவும் வரவில்லை. மதுவை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதல் பிரிவிலே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988இலேயே சேர்த்துவிட்டது. "வீட்டில் காய்ச்சியது, உடலுக்கு நல்லது" என்று எவரேனும் கூறினால், அதுவும் ஆதாரமற்ற நம்பிக்கைதான்.

நமக்கு வேண்டியது அந்தப் பானம் அன்று. அந்தப் பாத்திரத்தின் முன்னால் நிற்பவனின் மனம்.

செய்முறை எளிது. முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து எடுத்துச் சுண்டக் காய்ச்சிய பாகு கடையிலே தகரக் குவளையில் கிடைக்கிறது. புதியவன் அதை நீரில் கரைத்து, கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைச் சேர்த்து, ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கிறான். விரைவாக 20 பாகை வெப்பத்துக்கு ஆற்றுகிறான். தூய்மை செய்த வாளியில் ஊற்றுகிறான். மொத்தம் 20 லிட்டர் அளவு. 11 கிராம் ஈஸ்ட் தூவி மூடுகிறான். மூடியிலே சிறிது நீர் நிறைந்த வளைகுழாய் ஒன்று. உள்ளே பிறக்கும் வாயு குமிழியிட்டு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே புகாது. மறுநாள் 'குளுக், குளுக்' என்று ஒலி கேட்கிறது. மாலையில் அரைத்து வைத்த இட்லி மாவு விடியலில் பொங்கி நிற்பதைக் கண்ட நம் தாய்மார்களுக்கு இக்காட்சி புதுமையன்று. மாவிலே பெரும்பணி ஆற்றுவது வேறு இன நுண்ணுயிர், இங்கே ஈஸ்ட். சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமில வாயுவையும் அது தருகிறது.

ஒரு வாரம் கழிகிறது. குமிழி நிற்கிறது. இனிப் புட்டியில் அடைக்க வேண்டும். அடைக்கும்போது லிட்டருக்கு 6 கிராம் அளவில் சர்க்கரை சேர்ப்பார்கள். எஞ்சிய ஈஸ்ட் அதையும் தின்னும். பிறக்கும் வாயுவுக்கு இம்முறை வெளியேற வழியில்லை. நீரிலேயே கரைந்து நிற்கும். திறக்கும்போது எழும் நுரை அதுதான்.

இங்கேதான் கப்பல் வந்து நிற்கிறது!

வாளியிலே சர்க்கரை முழுதும் தீர்ந்துவிட்டதா? தீராமல் அடைத்தால், புட்டிக்குள் வாயு அளவுக்கு மேல் பெருகும். அழுத்தம் ஏறும். கண்ணாடி வெடிக்கும். சிதறும் சில்லு கண்ணைப் பறிக்கும், கையைக் கிழிக்கும். புட்டி வெடித்துக் காயமுற்றவர்கள் உண்டு. இது கற்பனை அச்சம் அன்று.

"குமிழிதான் நின்றுவிட்டதே! முடிந்தது என்றுதானே பொருள்?" என்கிறான் புதியவன். குமிழி இரு பக்கமும் பொய் சொல்லும் சாட்சி! மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு வேறு வழியாகக் கசிந்துவிடும். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்க, குழாய் ஊமையாகிவிடும். இரவு குளிர்ந்தால் ஈஸ்ட் உறங்கிவிடும். வேலை முடியாமலே குமிழி நிற்கும். மாறாக, வேலை முடிந்த பிறகும், பகல் வெப்பம் ஏறினால் கரைந்திருந்த வாயு கிளம்பிக் குமிழியிடும். கண்ணால் கண்டதும் பொய் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

மெய் சொல்லும் சாட்சி ஒன்று உண்டு. விலை மலிவு. பால் கூட்டுறவுச் சங்கத்திலே பாலில் மிதக்கவிட்டு அளக்கும் பால்மானியைப் பார்த்திருப்பீர்கள். அதன் உடன்பிறப்புதான் இந்த நீர்மானி. சர்க்கரை மிகுந்தால் உயர்ந்து மிதக்கும். குறையக் குறைய அமிழும். தொடக்கத்தில் 1.045 காட்டியது, முடிவில் 1.010 காட்டலாம். இடைவெளியை 131ஆல் பெருக்கினால் சாராயத்தின் அளவு ஏறக்குறைய நூற்றுக்கு 4.6 என்று வரும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இருமுறை அளந்து, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அதுவும் போதாது. 1.025இலேயே அசையாமல் நின்றால்? அது முடிவன்று, முடக்கம். எதிர்பார்த்த இடத்துக்கு அருகில் வந்து நிற்க வேண்டும். அப்போதுதான் அடைக்கலாம்.

மூன்று நாள் பொறுமை. இருமுறை அளவை. இதைச் செய்ய மனமின்றி, "முடிந்திருக்கும்" என்று அடைத்து, பன்னிரண்டு புட்டிகளை நண்பன் வீட்டுக்கு அனுப்புகிறான் ஒருவன். நண்பன் வீட்டு அடுக்களை அலமாரி. அதற்குக் கீழே அமர்ந்து பாடம் எழுதும் பிள்ளை. அவன் நம்பினான், உண்மையாகவே நம்பினான்! அந்த நம்பிக்கை அவன் நெஞ்சுக்குள்ளேயே இருந்திருந்தால் அவனோடு போயிற்று என்றிருப்போம். ஆனால் அது புட்டியில் ஏறிப் பிறர் வீட்டுக்குப் போய்விட்டதே! 'என் நம்பிக்கை என் சொந்த விவகாரம்' என்பவர்களுக்கு இந்த அலமாரியைக் காட்டுவோம்.

புட்டிகள் வெடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவன் என்ன கற்றுக்கொள்வான்? "சென்ற முறையும் அளக்கவில்லை, ஒன்றும் ஆகவில்லையே!" இதைத்தான் முதலாளியும் சொன்னார், எத்தனையோ புயல் கண்ட கப்பல் என்று. தப்பிப் பிழைத்த ஒவ்வொரு முறையும் அவனுக்கு ஆதாரமாகத் தோன்றுகிறது. கிளிஃபோர்டின் கடுமை நமக்கு இப்போது கடுமையாகத் தோன்றவில்லை.

ஆதாரமின்றி நம்புவது போலவே ஆதாரமின்றி அஞ்சுவதும் உண்டு. "வீட்டில் காய்ச்சிய பீர் கண்ணைக் குருடாக்கும்" என்பார்கள். வாற்கோதுமை நொதிக்கும்போது மெத்தனால் தீங்கு செய்யும் அளவுக்குப் பிறப்பதில்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது, ஆலைப் பயன்பாட்டுக்குரிய மெத்தனாலைக் கலந்து விற்ற கொடுமை. அந்தக் குற்றத்தை நொதித்தலின் தலையில் சுமத்தினால் கலந்தவன் தப்பிவிடுவான். அச்சத்துக்கும் முகவரி சரியாக இருக்க வேண்டும்.

கிளிஃபோர்டுக்கு மறுப்பு எழாமல் இல்லை. 1896இல் அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் எதிர்வாதம் தொடுத்தார். எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்டு நின்றால் வாழ்க்கை நம்மைக் கடந்து போய்விடும். சில முடிவுகளைத் தள்ளிப்போட முடியாது. ஆதாரம் தீர்க்க இயலாத இடத்தில், நெஞ்சு தீர்க்க உரிமை உண்டு என்றார். வலிமையான வாதம்தான். நட்பிலும் காதலிலும் அதற்கு இடமுண்டு என்றே நாமும் கருதுகிறோம். நீர்மானியை மிதக்கவிட்டு எவரும் துணை தேடுவதில்லை! ஆனால் ஜேம்ஸ் விதித்த வரம்பை அவர் பெயரைச் சொல்வோர் மறந்துவிடுகிறார்கள். தள்ளிப்போட முடியாத முடிவு, ஆதாரம் தீர்க்க இயலாத கேள்வி என்ற இரண்டும் வேண்டும். இன்றே அடைத்தாக வேண்டும் என்று வாளி யாரையும் வற்புறுத்தவில்லை. ஆதாரமோ மேசைமேல் கிடக்கிறது!

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. அதை நம் பகுத்தறிவு இளைஞர்கள்தாம் கேட்க வேண்டும். அந்தப் புதியவன் ஈஸ்டைக் கண்ணால் கண்டானா? இல்லை. 'பாத்திரத்தைத் தூய்மை செய்' என்று புத்தகம் சொன்னது, செய்தான். '20 பாகை' என்றது, ஆற்றினான். அப்படியானால், ஈரப் புடவையோடு மடி காத்து, 'தொடாதே, தீட்டு!' என்ற பாட்டிக்கும் இவனுக்கும் வேறுபாடு என்ன? ஏட்டை மாற்றிக்கொண்டோம், எழுத்தை நம்புவதை மாற்றினோமா?

'நாங்கள் அறிவியல், அவர்கள் மூடம்' என்று கூவிவிட்டுக் கடந்தால் நாமும் கப்பல் முதலாளிதான். வேறுபாடு எங்கே என்று தேடுவோம்.

கொதிக்கும் முன் பாகைக் கலக்கிய கரண்டி வெறுமனே கழுவியதாக இருந்தால் போதும். கொதி எல்லாவற்றையும் கொன்றுவிடும். ஆறிய பின் தொடும் கரண்டியோ கிருமி நீக்கியதாக இருந்தே தீர வேண்டும். காட்டு ஈஸ்டும் பாக்டீரியாவும் அந்த இனிப்பில் குடியேறக் காத்திருக்கின்றன. ஒரே கரண்டி; ஓரிடத்தில் விதி தளர்கிறது, ஓரிடத்தில் இறுகுகிறது. காரணம் உள்ள விதிக்குத் தன் எல்லை தெரியும். எங்கே தான் தேவையில்லை என்பதையும் அதுவே சொல்லும். தீட்டுக்கு எல்லை எது? எந்தக் கொதியில் அது சாகும்? கேட்டால் விடை வராது, கோபம்தான் வரும். தொடக்கக்காரனுக்குக் காரணம் இன்று தெரியாமல் இருக்கலாம். அவன் ஏற்ற விதி 'ஏன்?' என்ற கேள்வியைத் தாங்குகிறதா என்பதே வேறுபாடு.

தாங்கிய வரலாறு சுவையானது. 1516இல் பவேரியக் கோமகன்கள் இயற்றிய புகழ்பெற்ற ஆணை, பீருக்கு வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் மூன்று மட்டுமே சேரலாம் என்றது. ஈஸ்ட்? அந்தப் பட்டியலில் இல்லை! வேலை செய்தவன் பெயர் விட்டுப் போயிற்று. உழைப்பவன் பெயர் பட்டயத்தில் ஏறாமல் போவது நமக்குப் பழகிய கதைதானே. 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அந்த நுரைக்குக் 'கடவுளின் நன்மை' என்று ஒரு பெயர் வழங்கிற்று. பெயர் வைத்ததோடு ஆராய்ச்சி முடிந்தது.

1837ஐ ஒட்டி, பிரான்சில் கன்யார் லத்தூரும் ஜெர்மனியில் ஷ்வானும் கூட்சிங்கும் தனித்தனியே நுண்ணோக்கியில் பார்த்து, ஈஸ்ட் உயிருள்ளது என்றனர். என்ன நடந்தது தெரியுமா? எதிர்த்தவர்கள் மதகுருமார் அல்லர்! வேதியியலின் மாமேதைகளான லீபிக்கும் வோலரும் 1839இல் தங்கள் ஆய்விதழிலேயே பெயரிடாமல் ஒரு கேலிக் கட்டுரை வெளியிட்டனர். வாலை வடிவத்தில் ஒரு சின்னஞ்சிறு விலங்கு சர்க்கரையைத் தின்று, ஒரு துளையால் சாராயத்தையும் மறு துளையால் வாயுவையும் கழிப்பதாக வருணித்து நகைத்தனர். அறிவுலகம் சிரித்தது. பிறகு பாஸ்டர் வந்தார். ஆய்வுமேல் ஆய்வாக நடத்தினார். 1876இல் பீர் பற்றியே ஒரு நூல் எழுதினார். நகைத்தவர்கள் தோற்றனர்.

வேடிக்கை இன்னும் முடியவில்லை. 1897இல் எட்வர்ட் புக்னர், ஈஸ்டை அரைத்துப் பிழிந்த உயிரற்ற சாறும் சர்க்கரையை நொதிக்க வைப்பதைக் காட்டினார். வேதிவினை என்று லீபிக் சொன்னதிலும் ஒரு பங்கு உண்மை இருந்தது! 1907இல் புக்னருக்கு நோபல் பரிசு. எள்ளி நகையாடுவதில் வல்லவர்கள் நாம். மேடையிலே எதிரியை ஒரு சொல்லால் வீழ்த்திக் கைதட்டு வாங்கத் தெரிந்தவர்கள். லீபிக்கின் கேலி எவ்வளவு நகைச்சுவையாக இருந்ததோ, அவ்வளவு தவறாகவும் இருந்தது என்பதை எழுதி மேசைமுன் ஒட்டிக்கொள்ளலாம்.

புத்தகங்களும் தப்பவில்லை. 'ஒரு வாரம் கழிந்ததும் பீரை இரண்டாம் பாத்திரத்துக்கு மாற்று. இல்லையேல் அடியில் தங்கிய ஈஸ்ட் செத்துச் சுவையைக் கெடுக்கும்' என்று புதியவர்களுக்குப் பல ஆண்டுகள் ஓதினார்கள். ஆலையின் மாபெரும் கலங்களிலே, அழுத்தத்தில், அந்த அச்சம் பொருத்தம். 20 லிட்டர் வாளியில் சில வாரத்துக்கு அது பொருந்தாது. மாற்றும்போது காற்றும் கிருமியும் புகுவதுதான் உண்மையான கேடு. செய்து பார்த்தவர்கள் சொன்னார்கள். இத்துறையின் பெயர்பெற்ற நூலாசிரியர் ஜான் பாமரும் சாதாரணப் பீருக்கு அது தேவையில்லை என்று பின்னர் மாற்றிக்கொண்டார். தன் நூலையே திருத்திக்கொள்ளும் ஆசிரியரைப் புதியவன் நம்பலாம். நூல் பிழைபடாது என்பதால் அன்று, பிழைபட்டால் அவர் சொல்லிவிடுவார் என்பதால்.

கடைசியில் எஞ்சுவது நாக்கு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. தானே காய்ச்சியதைத் தானே சுவைத்து, "புதிய ஹாப்ஸ் போட்டதால் மணம் எவ்வளவு உயர்ந்துவிட்டது!" என்று மகிழ்கிறான் புதியவன். உயர்ந்ததா, உழைப்பு உயர்த்திக் காட்டுகிறதா? நண்பர்களைக் கேட்கலாம். நண்பர்கள் நல்லவர்கள், அதுவே தொல்லை! வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து "அருமை!" என்பார்கள்.

இதற்கும் ஒரு முறை கண்டிருக்கிறார்கள். மூன்று குவளை; இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எதில் எது என்று தெரியாமல் சுவைப்பவர் வேறான ஒன்றை எடுக்க வேண்டும். குருட்டுத்தனமாக எடுத்தாலும் மூன்றில் ஒரு பங்கு சரியாகிவிடும். ஆகவே ஒருவர் சரியாகச் சொன்னதில் ஒன்றுமில்லை. மூவரும் சரியாகச் சொன்னால், தற்செயலாக அது நேரும் வாய்ப்பு 27இல் 1. இருபது பேரைக் கேட்டால் ஏழு பேர் சரியாகச் சொல்வது இயல்பே. பதினொருவராவது சொன்னால்தான் வேறுபாடு உண்டு என்று துணியலாம். சிறிய எண்ணிக்கையிலிருந்து எவ்வளவு துணியலாம் என்ற இக்கணக்குக்கு ஓர் உறவும் உண்டு. டப்ளின் நகரின் கின்னஸ் ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட் என்பவர், சில மாதிரிகளை மட்டும் கொண்டு முடிவு செய்வது எப்படி என்று 1908இல் எழுதிய ஆய்வு, இன்று புள்ளியியல் பயிலும் ஒவ்வொரு மாணவனும் கற்கும் பாடம். சொந்தப் பெயரில் வெளியிட ஆலை இசையாததால் அவர் வைத்துக்கொண்ட புனைபெயரும் 'மாணவன்' என்பதே. ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு அப்பெயர்மீது தனி ஆசை.

அடுக்களையிலே அந்தப் புதியவன் குவளைகளை வரிசையாக வைக்கிறான். நண்பர்கள் வந்துவிட்டார்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்க நாக்குத் துடிக்கிறது. கேட்டால் "அருமை!" வந்துவிடும். "எது வேறு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தன் முகம் விடையைக் காட்டிக் கொடுத்துவிடாதபடி, சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறான்.